வலிப்பூட்டும் வேதிப்பொருள்களும் மூளையின் ஆர்.என்.ஏ. திருத்த நொதிகளும்

பொருளும் நோக்கமும்

வலிப்பைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள் மூளைக்குள் சென்றபின் அங்குள்ள ஆர்.என்.ஏ.வை மாற்றியமைக்கும் நொதிகளுக்கு என்ன நேர்கிறது என்னும் வினாவுக்கு, நச்சியல் அட்டவணை ஒன்றில் 'கூடுகிறது' என்றோ 'குறைகிறது' என்றோ ஒரே சொல்லில் விடை எழுதிவிடலாம் என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் நரம்புச் செல்லுக்குள் எவ்வளவு கால்சியம் புகலாம் என்பதை வரையறுப்பதில் அந்த நொதிகளுக்கே பெரும் பங்கு உண்டு என்பதையும், வலிப்பின்போது செல்லுக்குள் பெருகும் கால்சியம் அந்த நொதிகளின் அளவையும் செயலையும் மாற்றவல்லது என்பதையும் சேர்த்து நோக்கினால், வினா ஒருவழிப்பட்டதன்று என்பது புலனாகும். வலிப்பு நொதியை மாற்றுகிறது; மாறிய நொதி அடுத்த வலிப்பின் வாய்ப்பை மாற்றுகிறது. இவ்விரு திசைகளையும் ஒருங்கே காணாத எந்த விடையும் பாதி விடையே என்பதை எடுத்துக்காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அடங்கிவிடும் வினாவும் அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். உரிய மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆயினும் எஞ்சியவர்களுக்கு இன்றுள்ள மருந்துகள் போதிய பயன் அளிப்பதில்லை. ஒருமுறை நேர்ந்த கடும் வலிப்பு மூளையை ஏன் நிலையாக மாற்றிவிடுகிறது, சிலருக்கு மருந்து ஏன் பயனற்றுப் போகிறது என்பவற்றை மூலக்கூறு அளவில் விளக்க முற்படும்போது, ஆர்.என்.ஏ.வைத் திருத்தும் நொதிகள் ஒதுக்கிவிட முடியாத இடத்தைப் பெறுகின்றன.

வலிப்பூட்டும் பொருள்கள்

ஆய்வாளர்கள் விலங்குகளில் வலிப்பைத் தூண்டப் பயன்படுத்தும் பொருள்களுட் பல தாவரங்களிலிருந்தும் கடலுயிர்களிலிருந்தும் கிடைத்தவை. அவற்றுள் முதன்மையானது கயினிக் அமிலம். ஜப்பானில் குடற்புழுக்களை நீக்கும் மருந்தாக நெடுங்காலம் வழங்கிவந்த டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்னும் செந்நிறக் கடற்பாசியிலிருந்து 1953இல் அந்நாட்டு வேதியியலாளர்கள் இதனைப் பிரித்தெடுத்தனர். மூளையில் செய்தி கடத்தும் குளுட்டமேட் என்னும் பொருளின் வடிவத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், இது குளுட்டமேட்டுக்குரிய ஏற்பிகளிலேயே, அதாவது செய்திப்பொருளைப் பற்றிக்கொண்டு செல்லுக்கு அறிவிக்கும் புரதங்களிலேயே, சென்று பொருந்துகிறது. அவ்வாறு இது பொருந்தும் ஏற்பிகளுள் ஒருவகைக்குக் கயினேட் ஏற்பிகள் என்று இதன் பெயரே வழங்கலாயிற்று.

கயினிக் அமிலத்தின் நெருங்கிய உறவான டோமோயிக் அமிலம் மனிதருக்கு விளைவிக்கக்கூடிய தீங்கை 1987ஆம் ஆண்டு கனடா நாட்டில் நேர்ந்த நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பகுதியின் சிப்பியுணவை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் வலிப்பும் உணர்விழப்பும் கண்டு உயிரிழந்தனர். பிழைத்தவருள் சிலர் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஆற்றலை இழந்தனர். அவருள் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பின் மூளையின் பக்கவாட்டு மடலில் தோன்றும் வலிப்பு நோய் உருவானது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. நுண்ணிய கடற்பாசிகள் உண்டாக்கிய அந்த அமிலம் சிப்பிகளின் உடலில் சேர்ந்திருந்ததே இதற்குக் காரணம். நச்சு உடலைவிட்டு நீங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னரும் அதன் விளைவு மூளையில் வளர்ந்துகொண்டிருந்தது என்பதே இந்நிகழ்ச்சியிலிருந்து கொள்ளவேண்டிய உண்மை.

பிலோகார்பின் என்பது பிரேசில் நாட்டு ஜாபொராண்டி செடியின் இலைகளிலிருந்து 1875இல் பிரிக்கப்பட்ட பொருள். கண்ணழுத்த நோய்க்கு மருந்தாகப் பயன்படும் இதுவே, பெருமளவில் செலுத்தப்படும்போது அசிட்டைல்கோலின் என்னும் செய்திப்பொருளின் ஏற்பிகளை மிகையாகத் தூண்டித் தொடர்வலிப்பை உண்டாக்குகிறது. தமிழகத்தில் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்ட காக்கைக்கொல்லி விதையில் உள்ள பிக்ரோடாக்சின் வேறொரு வழியில் செயற்படுகிறது. மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் செய்திப்பொருளான காபாவின் ஏற்பிக்குள் அமைந்துள்ள குளோரைடு வாய்க்காலை அது அடைத்துவிடுகிறது. ஹங்கேரிய மருத்துவர் மெடுனா 1934இல் மனநோய்ச் சிகிச்சைக்காக முதலில் கற்பூரத்தையும் பின்னர் பென்டிலீன்டெட்ராசோல் என்னும் செயற்கைப் பொருளையும் கொண்டு வலிப்பைத் தூண்டினார். அந்தச் சிகிச்சை கைவிடப்பட்டுவிட்டாலும், காபாவின் தணிப்பைக் குலைக்கும் அப்பொருள் வலிப்புத் தடுப்பு மருந்துகளைச் சோதிக்க இன்றளவும் பயன்படுகிறது.

இவ்வாறு இப்பொருள்கள் மூளையில் பற்றும் இடங்கள் வெவ்வேறாக இருப்பினும், அவை சென்று முடியும் நிலை ஒன்றே. கிளர்ச்சிக்கும் தணிப்புக்கும் இடையிலுள்ள சமநிலை குலைந்து, நரம்புச் செல்கள் கூட்டமாகவும் ஒரே நேரத்திலும் மின்துடிப்புகளை வெளியிடுகின்றன. குளுட்டமேட் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது. ஆகவே இப்பொருள்களுள் எதுவும் ஆர்.என்.ஏ. திருத்த நொதியைத் தானே பற்றிச் செயலிழக்கச் செய்வதாகக் கருதவேண்டியதில்லை. வலிப்பு என்னும் நிகழ்வும், அதனைத் தொடரும் கால்சியப் பெருக்கமுமே நொதியை எட்டும் வழிகளாகின்றன.

ஓரெழுத்துத் திருத்தம்

மரபணுவில் எழுதப்பட்டுள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு, அந்தப் படியின்படியே புரதம் உருவாகிறது. படியெடுத்த பின்னும் அந்த ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் வேதிமாற்றம் பெறுவதுண்டு. மூல ஓலையைத் தொடாமல், தான் பெயர்த்தெழுதிய படியில் மட்டும் ஓரெழுத்தை மாற்றிவிடும் ஏடெழுதுவோரைப் போல, மரபணுவை அப்படியே விட்டுவிட்டு அதன் படியை மட்டும் மாற்றும் நொதிகள் செல்லில் உள்ளன. அவற்றுள் ஏடார் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள், அடினோசின் என்னும் எழுத்திலிருந்து அமினோ தொகுதியை நீக்கி அதனை இனோசினாக மாற்றுகின்றன. இனோசினைப் புரத உற்பத்தி அமைப்பு குவானோசின் என்றே படிக்கிறது. இரட்டை இழையாக மடிந்த ஆர்.என்.ஏ.வில் இம்மாற்றம் நிகழ்வதை 1988இல் தவளை முட்டைகளைக் கொண்டு பிரெண்டா பாஸும் ஹெரால்டு வெயின்ட்ராபும் நிறுவினர்.

பாலூட்டிகளில் இக்குடும்பத்தினர் மூவர். ஏடார் 1 உடலெங்கும் காணப்படுவது. செல்லுக்குச் சொந்தமான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை வைரசின் ஆர்.என்.ஏ. என்று எதிர்ப்பு அமைப்பு தவறாகக் கொள்ளாதவாறு காப்பது அதன் தலையாய பணி. ஏடார் 2 மூளையில் மிகுதியாகக் காணப்படுவது. நரம்புச் செல்களின் ஏற்பிகளையும் அயனி வாய்க்கால்களையும் ஆக்கும் ஆர்.என்.ஏ.க்களைக் குறிப்பிட்ட இடங்களில் திருத்துவது. ஏடார் 3 பெரும்பாலும் மூளையிலேயே உள்ளது, அது ஆர்.என்.ஏ.வைப் பற்றுமேயன்றித் திருத்துவதில்லை. வலிப்பைப் பற்றிய ஆய்வில் நடுவிடம் பெறுவது ஏடார் 2.

அதன் பணிகளுள் மிக இன்றியமையாததை 1991இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் பீட்டர் சீபர்க்கின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. குளுட்டமேட்டின் விரைவான செய்திக்கடத்தலை நிகழ்த்தும் ஆம்பா ஏற்பிகள் நான்கு வகைத் துணையலகுகளால் ஆனவை. அவற்றுள் குளுஏ2 என்னும் துணையலகின் வாய்க்கால் உட்புறத்தில், மரபணுவின்படி குளுட்டமின் என்னும் அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில், மூளையில் கிடைக்கும் புரதத்திலோ ஆர்ஜினின் காணப்பட்டது. மரபணுவில் சிஏஜி என்றுள்ள முச்சொற்குறியின் நடு எழுத்து ஆர்.என்.ஏ.வில் இனோசினாக மாற்றப்பட்டு, சிஜிஜி என்று படிக்கப்படுவதே இதற்குக் காரணம். இவ்விடம் அவ்விரு அமினோ அமிலங்களின் குறியெழுத்துகளால் கியூ/ஆர் இடம் எனப்படுகிறது. ஆர்ஜினின் நேர்மின்னேற்றம் உடையதாகையால், அது வாய்க்காலின் குறுகிய பகுதியில் நிற்கும்போது இரட்டை நேர்மின்னேற்றமுள்ள கால்சியம் உட்புகுவது தடைப்படுகிறது. நலமுள்ள மூளையில் குளுஏ2 ஆர்.என்.ஏ.வின் இவ்விடம் ஏறத்தாழ நூறு விழுக்காடும் திருத்தப்பட்டே இருக்கிறது.

இத்திருத்தம் நிகழ்வதற்கு, திருத்தப்படவேண்டிய பகுதி தன்னை அடுத்துள்ள இன்ட்ரானின் ஒரு பகுதியுடன் இணைந்து இரட்டை இழையாக மடியவேண்டும். இன்ட்ரான் என்பது இறுதிச் செய்தியில் இடம்பெறாமல் வெட்டி நீக்கப்படும் பகுதி. அது நீக்கப்பட்டுவிட்டால் மடிப்பும் இல்லை, திருத்தமும் இல்லை. எனவே ஏடார் 2 செல்லின் உட்கருவுக்குள், உரிய நேரத்தில், போதிய அளவில் இருக்கவேண்டும். நொதியின் மொத்த அளவு குறையாமல் அது உட்கருவைவிட்டு வெளியே நின்றாலும் திருத்தம் குறையும். இக்கருத்து பின்னர் வரும் வாதத்துக்கு அடிப்படை.

திருத்தம் தவறினால் நிகழ்வது

திருத்தத்துக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாக நிறுவியவை மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள். குளுஏ2 மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்றில் மட்டும், மடிப்புக்குத் தேவையான இன்ட்ரான் பகுதியை நீக்கிய சுண்டெலிகள், வலிப்பு கண்டு, பிறந்த மூன்று வாரங்களுக்குள் இறந்தன என்று 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. 2000ஆம் ஆண்டில் ஏடார் 2 நொதியே இல்லாத சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவையும் வலிப்புக்கு ஆளாகி இளமையிலேயே இறந்தன. அந்த ஆய்வின் முதன்மை இதன்பின் வரும் சோதனையில் உள்ளது. நொதி இல்லாத அதே சுண்டெலிகளுக்கு, கியூ/ஆர் இடம் மரபணுவிலேயே ஆர்ஜினின் என்று எழுதப்பட்ட குளுஏ2 அளிக்கப்பட்டபோது, அவை பிழைத்து வளர்ந்தன. ஏடார் 2 மூளையில் திருத்தும் இடங்கள் பல. எனினும் உயிர்வாழ்வுக்கு விலக்கின்றித் தேவைப்படும் திருத்தம் இந்த ஓரெழுத்தே என்பது இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

கயினேட் ஏற்பிகளிலும் இத்தகைய கியூ/ஆர் இடம் உண்டு. ஆனால் அங்கே திருத்தம் முழுமையானதன்று. திருத்திய வடிவமும் திருத்தாத வடிவமும் கலந்தே காணப்படுகின்றன. அக்கலவையின் விகிதம் கருவளர்ச்சியின் போக்கில் மாறுகிறது. குளுகே2 என்னும் கயினேட் ஏற்பித் துணையலகில் இத்திருத்தம் நிகழாதவாறு மாற்றப்பட்ட சுண்டெலிகள் கயினிக் அமிலம் தூண்டும் வலிப்புக்கு மற்றவற்றைவிட எளிதில் ஆட்பட்டன என்று 2001இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் அறிவித்தனர். இங்கே வேதிப்பொருளுக்கும் நொதிக்கும் இடையிலான உறவின் முதல் திசை கண்முன் நிற்கிறது: ஒரே அளவு கயினிக் அமிலம் ஒரு மூளையில் எவ்வளவு கடுமையான வலிப்பை உண்டாக்கும் என்பதை, அந்த மூளையின் ஏற்பிகள் முன்னரே எந்த அளவுக்குத் திருத்தப்பட்டிருந்தன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. ஏடார் 2 நொதியின் மரபணு தாய்வழி, தந்தைவழி ஆகிய இரு பிரதிகளிலும் குறைபட்டுப் பிறந்த குழந்தைகளிடம் சிறுத்த தலை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு ஆகியவை சேர்ந்து காணப்படுவது 2020 முதல் மரபியல் இதழ்களில் விளக்கப்பட்டுள்ளது. சுண்டெலியில் காணப்பட்ட தொடர்பு மனித மூளைக்கும் பொருந்துவது என்பதை இக்குழந்தைகளின் நோய்நிலை உறுதிப்படுத்துகிறது.

வலிப்பு நொதியை எட்டும் வழிகள்

இனி எதிர்த்திசை. வலிப்பு நிகழ்ந்த மூளையில் நொதிக்கு என்ன நேர்கிறது என்பதை ஆராயும்போது முதலில் கருதவேண்டியது, ஏடார் 2 நரம்பின் செயற்பாட்டுக்கு ஏற்பக் கூடிக் குறையும் இயல்புடையது என்பதே. எலியின் ஹிப்போகாம்பஸ், அதாவது நினைவுப் பதிவுக்கு அடிப்படையானதும் வலிப்பு எளிதில் வேரூன்றுவதுமான மூளைப்பகுதி, மெல்லிய சீவல்களாக வளர்ப்புக் கலத்தில் பேணப்பட்டு, அதன் மின்துடிப்புகள் நீண்ட நேரம் அடக்கப்பட்டபோது, சில பகுதிகளில் ஏடார் 2 குறைந்து, ஆம்பா ஏற்பிகளின் ஆர்/ஜி இடம் எனப்படும் வேறோர் இடத்தின் திருத்தமும் குறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆர்/ஜி இடத்தின் திருத்தம் ஏற்பி களைத்தபின் மீண்டும் எவ்வளவு விரைவில் செயற்படத் தயாராகிறது என்பதை மாற்றுவது. செயற்பாடு குறைந்தால் நொதி குறைகிறது என்னும் இவ்வுண்மை, நொதி நரம்பின் வேலைப்பளுவை உணர்ந்து தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் அமைப்பின் உறுப்பு என்பதைப் புலப்படுத்துகிறது.

ஆனால் செயற்பாடு வரம்பு மீறும்போது இந்தச் சரிப்படுத்தல் உடைகிறது. செல்லைக் கொல்லும் அளவுக்குக் குளுட்டமேட் ஊட்டப்பட்ட நரம்புச் செல்களில் ஏடார் 2 புரதமே துண்டாக வெட்டப்பட்டு, குளுஏ2 திருத்தமும் குறைந்துவிடுகிறது என்று 2011இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். மூளைக்குக் குருதியோட்டம் சிறிதுநேரம் தடைப்பட்ட எலிகளில், ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதிச் செல்களில் ஏடார் 2 குறைந்து, திருத்தப்படாத குளுஏ2 தோன்றி, செல்கள் அழிந்தன என்பதும், நொதியை மீட்டளித்தபோது செல்கள் காக்கப்பட்டன என்பதும் 2006இல் நிறுவப்பட்டன. குருதித்தடையும் தொடர்வலிப்பும் ஒன்றல்ல. எனினும் குளுட்டமேட் பெருக்கமும் கால்சியச் சுமையும் இரண்டுக்கும் பொதுவானவை. கால்சியத்தைத் தடுக்கும் ஏற்பியை உருவாக்கும் நொதியே கால்சியப் பெருக்கத்தின் விளைவால் சிதையுமானால், அதன்பின் உருவாகும் ஏற்பிகள் இன்னும் கூடுதலான கால்சியத்தை உள்ளே விடும்; கேடு தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் சுழற்சியாக அது மாறும்.

மூன்றாவது நிலை, உடனடிக் கேடு அடங்கியபின் எஞ்சிய மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் காலம். கயினிக் அமிலத்தால் நாட்பட்ட வலிப்பு நோய்க்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் மூளையில், கேவி1.1 என்னும் பொட்டாசியம் வாய்க்காலின் ஆர்.என்.ஏ. திருத்தம் பெரிதும் உயர்ந்திருந்தது என்று 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பொட்டாசியம் வாய்க்கால்கள் செல்லின் கிளர்ச்சியைத் தணிப்பவை. 4-அமினோபிரிடின் என்னும் வலிப்பூட்டும் பொருள் அவற்றை அடைத்தே செயற்படுகிறது. திருத்தம் பெற்ற கேவி1.1 வாய்க்காலை அப்பொருளால் முன்போல் அடைக்க முடிவதில்லை. நோயுற்ற எலிகளின் மூளைச் சீவல்களில் 4-அமினோபிரிடினின் வலிப்பூட்டும் ஆற்றல் குறைந்திருந்ததற்கு இத்திருத்தமே காரணமாகலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. ஒரு வேதிப்பொருள் தூண்டிய வலிப்பு ஆர்.என்.ஏ. திருத்தத்தை மாற்ற, அம்மாற்றம் முற்றிலும் வேறான இன்னொரு வேதிப்பொருளுக்கு மூளை காட்டும் எதிர்வினையையே மாற்றிவிட்டது. வாய்க்கால்களைப் பற்றிச் செயற்படும் மருந்துகளுக்கும் இத்தகைய நிலை நேரக்கூடும் என்பதால், சிலருக்கு மருந்து பயனற்றுப் போவதன் காரணங்களுள் ஒன்றை இத்திசையில் தேடுவது தகும்.

அறுவை மருத்துவத்தின்போது வலிப்பு நோயாளிகளிடமிருந்து நீக்கப்பட்ட மூளைத் திசுக்களை ஆராய்ந்தவர்கள் இதனோடு ஒத்த காட்சியையே கண்டனர். குளுஏ2வின் கியூ/ஆர் இடம் அத்திசுக்களிலும் ஏறத்தாழ முழுமையாகத் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் ஆர்/ஜி இடம், கயினேட் ஏற்பிகளின் கியூ/ஆர் இடம் போன்ற பகுதி அளவில் திருத்தப்படும் இடங்களின் விகிதம் மூளையின் சில பகுதிகளில் உயர்ந்திருந்தது. உயிர்காக்கும் இடத்தை இறுதிவரை விட்டுக்கொடுக்காமல், நெகிழ்வுள்ள இடங்களில் மட்டும் மாற்றம் கொள்ளும் ஓர் ஒழுங்கு இதில் தெரிகிறது.

நொதி தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் வழியும் உண்டு. ஏடார் 2 தன்னுடைய முன்னோடி ஆர்.என்.ஏ.வையும் திருத்துகிறது, அத்திருத்தத்தால் ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடம் மாறி, 47 எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்து, முழுமையான நொதி உருவாகாமல் போகிறது. நொதி மிகும்போது புதிய நொதியின் உற்பத்தி குறையும் இவ்வேற்பாடு 1999இல் கண்டறியப்பட்டது. ஆகவே வலிப்புக்குப் பின் ஏடார் 2வின் ஆர்.என்.ஏ. அளவு கூடியோ குறைந்தோ காணப்பட்டால், அது நொதியின் செயலும் அவ்வாறே மாறியதைக் காட்டும் என்று கொள்ள இயலாது. சில வேளைகளில் அது அதற்கு நேர்மாறானதைக் கூடக் குறிக்கலாம்.

மெத்தில் குறியிடும் நொதிகள்

ஆர்.என்.ஏ.வை மாற்றும் நொதிகள் ஏடார் குடும்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. அடினோசினை இனோசினாக்காமல், அதன்மேல் மெத்தில் தொகுதி ஒன்றை மட்டும் ஏற்றும் மாற்றம் தூதுவர் ஆர்.என்.ஏ.வில் 1974 முதலே அறியப்பட்டது. மெட்டில்-3, மெட்டில்-14 என்னும் இரு புரதங்கள் இணைந்து இக்குறியை இடுகின்றன, எஃப்.டி.ஓ. என்னும் நொதி அதனை அழிக்கவல்லது என்பது 2011இலும், ஏ.எல்.கே.பி.எச்.5 என்னும் மற்றொரு நொதியும் அவ்வாறே செய்கிறது என்பது 2013இலும் தெரியவந்தன. இக்குறி எழுத்தின் பொருளை மாற்றுவதில்லை, அந்த ஆர்.என்.ஏ. எவ்வளவு காலம் நிலைக்கும், எப்போது புரதமாகும் என்பவற்றை மாற்றுகிறது. ஏடாரின் திருத்தம் மீளாதது. மெத்தில் குறியோ இட்டபின் அழிக்கத்தக்கது.

குறியை அழிக்கும் அவ்விரு நொதிகளும் செயற்பட இரும்பு அயனியும், ஆக்சிஜனும், செல்லின் ஆற்றல் வளர்சிதை மாற்றத்தில் உருவாகும் ஆல்ஃபா-கீட்டோகுளுட்டரேட் என்னும் பொருளும் தேவை. நீடித்த வலிப்பின்போது மூளைச் செல்களின் ஆற்றல் செலவு மிகப் பெருகி வளர்சிதை மாற்றம் நிலைகுலைவதால், நொதியின் அளவு மாறாமலேயே அதன் செயல் மாறுவதற்கு வாய்ப்புண்டு. இத்துறை இளமையானது; மூளையின் எந்தச் செல்லில், எந்த ஆர்.என்.ஏ.வின்மேல் குறி கூடுகிறது அல்லது குறைகிறது என்பதைத் தனித்தனியே பிரித்தறியும் ஆய்வுகளே இதில் உறுதியான முடிவுகளைத் தரவல்லவை.

அளவீட்டில் வேண்டிய விழிப்பு

இதுவரை கூறியவற்றிலிருந்து, 'இன்ன வேதிப்பொருள் இன்ன நொதியைக் குறைக்கிறது' என்னும் ஒற்றை வரி எவ்வளவு குறைவான அறிவைத் தருகிறது என்பது தெளிவாகும். அவ்வரியைப் படிப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் பல. அளக்கப்பட்டது நொதியின் ஆர்.என்.ஏ.வா, புரதமா, செயலா என்பது முதற்கேள்வி. புரதம் அளக்கப்பட்டிருந்தாலும் அது உட்கருவில் இருந்ததா, வெளியே இருந்ததா என்பது அடுத்தது. உண்மையில் நொதியின் செயலை நேராகக் காட்டுவது திருத்தப்பட்ட இடங்களின் விகிதமே. இனோசின் வரிசையறியும் கருவிகளில் குவானோசினாகவே தோன்றுவதால், மரபணுவில் அடினோசின் உள்ள இடத்தில் ஆர்.என்.ஏ.வின் படி எத்தனை விழுக்காடு குவானோசினைக் காட்டுகிறது என்று எண்ணி அதனை அறியலாம்.

செல்களின் கலவை மாறுவதால் நேரும் மயக்கம் இன்னும் நுட்பமானது. கயினிக் அமிலம் ஹிப்போகாம்பஸின் சிஏ3 பகுதி நரம்புச் செல்களைப் பெருமளவில் அழிக்கிறது. அவ்விடத்தில் நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளியல் செல்கள் பெருகுகின்றன. அத்திசுவை மொத்தமாக அரைத்து அளப்பவருக்கு ஏடார் 2 குறைந்ததாகத் தோன்றும்போது, உயிரோடுள்ள ஒவ்வொரு நரம்புச் செல்லிலும் அது குறைந்ததா, அல்லது அதனை மிகுதியாகக் கொண்டிருந்த செல்கள் இறந்துபோயினவா என்பதை அவ்வெண் சொல்லாது. அவ்வாறே கயினிக் அமிலத்தால் தூண்டப்பட்ட தொடர்வலிப்புக்குப் பின் சிஏ3 பகுதியில் குளுஏ2 ஆர்.என்.ஏ.வின் அளவே குறைகிறது என்று 1994இல் காட்டப்பட்டது. திருத்தம் குறைவதும், திருத்தப்படவேண்டிய துணையலகு குறைவதும் கால்சியத்தை உட்புகவிடும் ஏற்பிகளையே விளைவித்தாலும், அவை இருவேறு காரணங்கள். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது.

காலமும் மரபும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. வலிப்பு கண்ட சில மணி நேரத்தில் அளப்பதும், அறிகுறியற்ற இடைக்காலத்தில் அளப்பதும், நோய் நாட்பட்டபின் அளப்பதும் மூன்று வேறு மூளைகளை அளப்பதற்கு ஒப்பாகும். ஒரே அளவு கயினிக் அமிலம் சுண்டெலியின் சில மரபினங்களில் செல்களை அழிக்க, வேறு சில மரபினங்களில் வலிப்பு நேர்ந்தும் செல்கள் பிழைத்துவிடுகின்றன என்பது 1997 முதலே அறியப்பட்ட உண்மை. இவற்றை விடுத்து, வெவ்வேறு ஆய்வுகளின் 'கூடுதல்'களையும் 'குறைதல்'களையும் ஒரே பட்டியலில் அடுக்குவது அறிவைப் பெருக்காது. முரண்பாடு இல்லாத இடத்திலும் அதனைத் தோற்றுவிக்கும்.

மருத்துவத்துக்கு இதன் பயன்

இவ்வாய்வுகள் மருத்துவத்துக்கு இருவகையில் வழிகாட்டுகின்றன. முதலாவது, கால்சியத்தை உள்ளே விடும் ஏற்பிகளை நேரடியாகத் தடுப்பது. ஆம்பா ஏற்பிகளைத் தடுக்கும் பெரம்பனெல் என்னும் மருந்து 2012இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வலிப்பு நோய்க்கு ஒப்புதல் பெற்றது. இயக்க நரம்புச் செல்களில் ஏடார் 2 இல்லாதவாறு ஆக்கப்பட்ட சுண்டெலிகளில் அந்நரம்புகளின் அழிவை அது தடுத்தது என்பதும் பின்னர்க் காட்டப்பட்டது. நொதியின் குறையை ஈடுசெய்ய, அக்குறையின் விளைவைத் தடுத்தாலும் பயன் உண்டு என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, உடலிலுள்ள ஏடார் நொதியையே மருத்துவத்தின் கருவியாக்குவது. குறுகிய ஆர்.என்.ஏ. இழைகளைச் செலுத்தி, நோய்க்குக் காரணமான எழுத்துள்ள இடத்தில் இரட்டை இழை மடிப்பை உண்டாக்கி, செல்லின் சொந்த ஏடாரை அங்கே வரவழைத்துத் திருத்தச் செய்யும் முறை, கல்லீரலில் புரதக் குறை ஒன்றைச் சரிசெய்வதற்காக 2024இல் மனிதரிடம் முதன்முதலாகப் பயன் காட்டியது. இதே முறை மூளை நோய்களுக்கும் கொண்டுவரப்படுமானால், வலிப்பு கண்ட மூளையில் ஏடாரின் அளவும் இருப்பிடமும் செயலும் எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்தாலன்றி அச்சிகிச்சையின் பயனை முன்கூட்டி உரைக்க இயலாது. வேதிப்பொருள் தூண்டும் வலிப்புகளில் நொதியின் நிலையை நுணுகி அளக்கும் இன்றைய அடிப்படை ஆய்வே நாளைய அச்சிகிச்சையின் அடித்தளம்.

இவ்விரண்டுக்கும் முற்பட்டதும், எந்தப் புதிய மருந்துக்காகவும் காத்திருக்க வேண்டாததுமான பாடம் ஒன்று உண்டு. நரம்பின் செயற்பாடு வரம்புக்குள் ஏறி இறங்கும்போது திருத்த நொதி தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. வரம்பு மீறி நீடிக்கும்போது அந்நொதியே அழிவுக்கு உள்ளாகலாம். உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2015இல் வகுத்த வரையறையின்படி, உடல் முழுதும் உதறும் வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தால் அதனைத் தொடர்வலிப்பாகக் கொண்டு உடனே சிகிச்சையைத் தொடங்கவேண்டும்; 30 நிமிடத்தைக் கடந்தால் மூளைக்கு நீடித்த கேடு நேரக்கூடும். வலிப்பு கண்டவரின் கையில் இரும்பைத் திணிப்பதிலும், பற்களுக்கிடையே எதையேனும் செருக முயல்வதிலும் நம் ஊர்களில் இன்றும் கழியும் நிமிடங்கள், மூளைச் செல்லுக்குள் கால்சியம் பெருகும் நிமிடங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் குறித்து, 5 நிமிடத்துக்குள் வலிப்பு அடங்காவிடில் மருத்துவ உதவியை எட்டச்செய்வது, திருத்த நொதிகளைப் பற்றி இதுவரை அறிந்தவை அனைத்தும் ஒரு குரலில் வற்புறுத்தும் கடமை.